கள்ளிக்கு ராத்திரிதான் பகல்

அம்மா கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் வளர்ந்தவர். நான் முதன்முதலாக ஈசிஆர் நர்சரி ஒன்றிலிருந்து ஆறு சக்குலென்ட் (சதைப்பற்றுச் செடி) தொட்டிகளை வாங்கி வந்து சென்னை மடிப்பாக்கம் வீட்டுப் பால்கனியில் வரிசையாக வைத்தபோது, ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன வெல?" என்று கேட்டார்.

"இருநூத்தம்பது."

"ஆறுமா?"

"இல்லம்மா, ஒண்ணு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வேலியில கெடந்தா ஆடுகூடத் திரும்பிப் பாக்காது. காசு குடுத்துக் கள்ளி வாங்குன ஆளு நம்ம வம்சத்துலயே நீதாண்டி" என்றார்.

அந்த ஆறில் நான்கு எச்செவேரியா. தாமரையைச் சுருக்கிச் செதுக்கி வைத்ததுபோல இருக்கும். சாம்பல் பூத்த நீலம், ஓரத்தில் லேசாக ரோஸ் நிறம். இணையத்தில் சக்குலென்ட் என்று தேடினால் வரும் படங்களில் பாதி இந்தச் செடிதான். ஜனவரியில் வாங்கினேன். மார்ச் வரை அழகாக இருந்தன. ஏப்ரல் கடைசியில் ஒன்றின் அடி இலைகள் இரண்டு கண்ணாடிபோல் ஆயின. தொட்டால் உள்ளே நுங்குத் தண்ணீர் மாதிரி குலுங்கியது. மறுநாள் அவை தாமாக விழுந்தன. நான்காம் நாள் நடுக்குருத்தைப் பிடித்துப் பார்த்தேன். டப்பா மூடி கழன்று வருகிற மாதிரி செடி முழுதும் கையோடு வந்துவிட்டது. அடியில் தண்டு காப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அடுத்த முறை வாங்கியவற்றுக்குத் தண்ணீரைக் குறைத்தேன். அவை அழுகவில்லை; சுருங்கிப் போய், வேர் காய்ந்து, அதே மே மாதத்தில் செத்தன. மூன்றாவது முறை வாங்கியதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவையும் தங்கவில்லை என்பதையும் சொல்லவில்லை.

கூட வாங்கிய மற்ற இரண்டு தொட்டிகள், ஒரு ஜேட், ஒரு கோஸ்ட் பிளான்ட், அதே பால்கனியில், அதே தண்ணீரில், அதே வெயிலில் நன்றாகவே இருந்தன. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வெயிலும் தண்ணீரும் காரணமில்லை என்றால், அந்த இரண்டும் தாங்கிக்கொண்டு எச்செவேரியா மட்டும் தாங்க முடியாமல் போனது என்ன? ராத்திரி.

இதைப் புரிந்துகொள்ள நம் வீடுகளில் யாரும் காசு கொடுத்து வாங்காத ரணகள்ளி போதும். எங்கள் ஊரில் அதைக் 'கட்டிப்போட்டா குட்டிபோடும்' என்பார்கள். இலையைப் பறித்து நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டால், மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல், இலையோரத்துப் பல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குட்டிச் செடி எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் நோட்டுக்குள் நான் வைத்த மயிலிறகு கடைசிவரை குட்டி போடவில்லை. ரணகள்ளி இலை போட்டது.

இந்த ரணகள்ளியை வைத்துத்தான் பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியர் ஒரு வேலை செய்தார். மதபோதகராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் மாகாணத்தில் தாவரவியலாளராக வேலை பார்த்தவர். அவர் இந்த இலையை ஒரே நாளில் பல நேரங்களில் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. வெயில் ஏற ஏறப் புளிப்பு குறைந்தது. நடுப்பகலில் சுவையே இல்லை. சாயங்காலம் லேசான கசப்பு. இதை அவர் கடிதமாக எழுத, அது லண்டனில் இயற்கை ஆராய்ச்சியாளர்களின் அமைப்பான லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815ல் வெளியானது. 1819ல் அவர் இதே சென்னையில், வேப்பேரியில் இறந்தார்.

அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்பது பின்னால்தான் விளங்கியது. சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். பாலைவனத்தில் பகலில் துளையைத் திறந்தால் உள்ளே சேர்த்து வைத்த ஈரம் எல்லாம் போய்விடும். அதனால் இந்தச் சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பாலானவை பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகு திறக்கின்றன. அப்போது வாங்கும் கார்பன் டை ஆக்சைடை அமிலமாக மாற்றி இலைக்குள் சேமிக்கின்றன. ஆப்பிளில் புளிப்பாக இருக்கிறதே, அதே மாலிக் அமிலம். விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சேர்த்து வைத்ததை எடுத்து வெயிலில் சமைக்கின்றன. காலையில் பானை நிறைந்திருக்கும், சாயங்காலம் காலி.

நானும் சோதித்துப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு ரணகள்ளி இலையின் ஓரத்தைக் கடித்தபோது புளிச்சகீரை பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கு கூசியது. மூன்று மணிக்கு அதே செடியின் வேறொரு இலை, வெள்ளரிக்காய்த் தோல். உடனே துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன். நீங்களும் விழுங்கிவிடாதீர்கள்; ஆடு மாடுகளின் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு அந்த இலையில் இருக்கிறது.

இப்போது எச்செவேரியாவுக்கு வருவோம். அதன் சொந்த ஊர் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பகுதிகள். பகலில் எவ்வளவு சுட்டாலும் ராத்திரி நன்றாகக் குளிர்ந்துவிடும் இடம். சென்னையில் மே மாத ராத்திரி எவ்வளவு இறங்கும்? 28 டிகிரி. அதுவும் விடியற்காலை நாலு மணிக்கு. அதற்குமேல் கடல் காற்றின் ஈரம் வேறு. ராத்திரிதான் அந்தச் செடி மூச்சு வாங்கிச் சாப்பாடு சேர்க்க வேண்டிய நேரம். ராத்திரியே புழுங்கினால் சேர்ப்பதைவிடச் செலவழிப்பது அதிகமாகிவிடும். நாளாக நாளாக உள்ளிருந்து பலவீனமாகும் செடியை ஒரு சின்னப் பூஞ்சை வந்து முடித்துவைக்கிறது. தண்ணீர் ஊற்றியதற்காக நான் என்னைத் திட்டிக்கொண்ட அத்தனை நாளும் வீண். குன்னூரில் இருக்கும் தோழி ஒருத்தி எச்செவேரியாவை வாசலில் பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அதற்கு அவள் ஒன்றுமே செய்வதில்லை. அது முட்டைக்கோஸ் அளவு இருக்கிறது.

ஆகவே சென்னையிலோ, கடலூரிலோ, தூத்துக்குடியிலோ இருப்பவர்கள் வாங்குமுன் பார்க்க வேண்டியது உங்கள் ஊர் ராத்திரியை. எங்கள் பால்கனியில் தாக்குப் பிடிப்பவை: அடீனியம், ஜேட், கோஸ்ட் பிளான்ட், பாம்புச்செடி, சோற்றுக்கற்றாழை, ஹவொர்தியா (அதற்கு நேர் வெயில் ஆகாது), கலாஞ்சோ. அப்புறம் பிரண்டை. அதுவும் சக்குலென்ட்தான். ஆனால் அதை வளர்ப்பதில் ஒரு சிக்கல், கொழுந்து விட்டதும் அம்மா துவையல் அரைத்துவிடுவார்.

இதில் கலாஞ்சோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொங்கல் சமயத்தில் நர்சரிகளில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்குமே, அதுதான். மடகாஸ்கர் செடி. வாங்கும்போது பூக்கும், பூ உதிர்ந்த பிறகு இலையாக மட்டும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பூக்கவில்லை என்று தூக்கிப் போடுகிறவர்களே அதிகம். எனக்கும் இரண்டு வருடம் அப்படித்தான் நின்றது. உரம் போட்டேன், வாழைப்பழத்தோல் ஊறவைத்த தண்ணீர் ஊற்றினேன். இலை மட்டும் அரச இலை அளவுக்குப் பெருத்தது.

அந்தச் செடியில் ஒரு கிளையை ஒடித்து நட்ட சின்னத் தொட்டி ஒன்று, இடமில்லாமல், சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் கிடந்தது. அதற்கு உரமும் இல்லை, கவனிப்பும் இல்லை. ஒரு ஜனவரியில் துணி காயப்போடப் போன அம்மா, "ஏண்டி, ஒஞ்செடி இங்க பூத்துருக்கு" என்று கூப்பிட்டார். தாய்ச்செடி பால்கனியில் மலடாக நிற்க, அதன் கிளை இங்கே ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் கிடந்தது. இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தபடி அன்று ராத்திரி பால்கனியில் நின்றபோதுதான் கண்ணில் பட்டது. கண்ணைக் குத்தியது என்றே சொல்ல வேண்டும். எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடலாம் போன்ற தூரத்தில், வெள்ளை எல்இடி தெருவிளக்கு.

கலாஞ்சோ இருட்டை அளக்கும் செடி. ராத்திரி தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டு, அது சில வாரங்கள் நீடித்தால்தான் மொட்டு வைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். சென்னையில் வருடத்தின் மிக நீண்ட ராத்திரியே சுமார் பன்னிரண்டரை மணி நேரம்தான். வரம்பை ஒட்டி நிற்கிறோம். அதில் ஒரு விளக்கு குறுக்கே வந்தால் அதன் கணக்கில் ராத்திரி வரவே இல்லை. நர்சரிக்காரர்கள் வருடம் முழுக்கப் பூக்க வைப்பதற்குக் கறுப்புத் துணி போட்டு மூடுகிறார்கள், அவ்வளவுதான் ரகசியம்.

நானும் மூடினேன். மிக்சி வந்த அட்டைப்பெட்டி. ஓட்டைகளில் பழுப்பு டேப். சாயங்காலம் ஐந்தரைக்குக் கவிழ்த்து, காலை ஏழரைக்கு எடுக்க வேண்டும். பதினாலு மணி நேர இருட்டு, ஆறு வாரம், நடுவில் மறக்கக் கூடாது. பகலில் நல்ல வெயில் வேண்டும். எனக்கு ஐந்தரைக்கு எங்கே வீடு திரும்ப முடிகிறது? அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. "கோழிய மூடுற மாதிரிதான?" என்றார். அன்று முதல் அந்தப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் பஞ்சாரம் என்று பெயர். மூன்று மணிக்கே ஃபோன் பண்ணி, இன்னைக்குச் சீக்கிரமா இருட்டிக்கிட்டு வருது, பஞ்சாரத்தைக் கவுத்திரவா என்று கேட்பார். ஐந்தாவது வாரம், நுனியில் இரண்டு இலைகளுக்கு நடுவே கடுகு தாளித்துக் கொட்டினாற்போல் பச்சை மொட்டுகள். மொட்டு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டால் மூட வேண்டியதில்லை.

பூக்க வைப்பதைவிடப் பிழைக்க வைப்பது சிரமம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அடீனியம் தொட்டியை மொட்டை மாடியிலிருந்து இறக்க மறந்துவிட்டேன். எட்டு வருடச் செடி. அடித்தண்டு சின்னப் பூசணி அளவு. கரண்ட் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர், செடியை யார் நினைத்தார்கள்? நான்காம் நாள் மாடிக்குப் போனபோது, தொட்டியின் ஓட்டையைக் காய்ந்த இலை அடைத்து, மண்ணுக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நின்றது. தண்ணீரைச் சாய்த்துவிட்டு, தப்பித்தது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து இலைகள் மஞ்சளாயின. அடித்தண்டை அழுத்தினேன். ஒரு பக்கம் கல். மறுபக்கம் பழுத்த பப்பாளி.

இந்தக் கட்டத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பது பலரும் செய்யும் தவறு. அழுகல் தானாக நிற்காது. செடியைப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, கத்தியை நெருப்பில் காட்டி, மென்மையான இடத்தை வெட்டினேன். பழுப்புச் சேறு, புளித்த வாடை. அதற்குள் இன்னும் வெட்டினால் வெள்ளைச் சதையில் மெல்லிய பழுப்பு வளையம் தெரியும். அந்த வளையம் இருக்கும்வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். கை கூசும், இவ்வளவையும் வெட்டினால் என்ன மிஞ்சும் என்று தோன்றும். வெட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயை நாமே பரப்புகிறோம். கையுறையும் அவசியம், ஆப்பிரிக்காவில் இந்தச் செடியின் பாலை அம்பு நுனியில் தடவி வேட்டையாடினார்கள், அவ்வளவு விஷம். கடைசியில் பூசணியில் முக்கால்வாசி போய், தேங்காய்ச் சில் மாதிரி ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியது. வெட்டிய இடமெல்லாம் பட்டைத்தூளைத் தடவினேன். பூஞ்சைக்கொல்லிப் பொடி இருந்தால் அது இன்னும் நல்லது. இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு, நிழலில், காற்றோட்டத்தில், துணிக்கொடியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன்.

இரண்டு வாரம் அது ஜட்டி பனியன்களுக்கு நடுவே தொங்கியது. வெட்டுக்காயம் காய்ந்து மரப்பட்டைபோல் இறுகியதும் காய்ந்த மணலில் வைத்தேன். தண்ணீர் இல்லை. மேலும் இரண்டு வாரம் கழித்து நுனியில் எள்ளு அளவு பச்சை தெரிந்த பிறகுதான் முதல் தண்ணீர், அரை டம்ளர். இன்று அது நேராக நிற்பதில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒற்றைக் காலில் நிற்கிறது. வெயில் ஏறினால் பூக்கிறது. முன்பிருந்த உருண்டை வடிவத்தைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த மழைக்குப் பிறகு மண் கலவையையும் மாற்றினேன். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், இரண்டு பங்கு பொடி ஜல்லியும் உடைத்த செங்கலும். எம்-சாண்ட் சேர்ப்பதென்றால் சலித்து, கழுவிச் சேருங்கள். அதிலிருக்கும் மாவு தண்ணீர் பட்டு இறுகிவிடும். ஐப்பசி பிறந்தால் தொட்டிகள் எல்லாம் சன்ஷேடுக்கு அடியில் போய்விடும். சென்னையின் ஒரு வருட மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. தண்ணீர் எப்போது என்பதற்குத் தேதி எதுவும் கிடையாது. தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். வெறும் தொட்டி மாதிரி கனமில்லாமல் இருந்தால் ஊற்றுகிறேன். அம்மா இலையை அமுக்கிப் பார்க்கிறார், கத்திரிக்காய் வாங்குகிற மாதிரி. இருவரின் முடிவும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது.

குட்டி எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கோஸ்ட் பிளான்ட்டில் தொடங்குங்கள். இலையைக் கிள்ளக் கூடாது. விரல்களுக்குள் பிடித்து இடமும் வலமும் மெல்ல ஆட்டினால் தண்டிலிருந்து முழுசாகக் கழன்று வரும். உயிர் இருப்பது அந்த அடிநுனியில். அது தண்டிலேயே தங்கிவிட்டால் இலை வேர் விட்டாலும் குட்டி வராது. மூன்று நான்கு நாள் நிழலில் காயவிட்டு மண்ணின் மேல் சும்மா போட்டு வையுங்கள், புதைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் ரோஸ் நிற நூல்போல வேர் வரும். பிறகு மிளகு அளவில் ஒரு பூ. பூ இல்லை, செடிதான். பழைய இலையைப் பறித்துவிட வேண்டாம், குட்டி அதை உறிஞ்சித்தான் வளர்கிறது. முழுதும் சருகானதும் தானே விழும்.

பாம்புச்செடியில் நான் ஏமாந்தேன். மஞ்சள் கரை போட்ட இலை ஒன்றை ஆறு துண்டாக நறுக்கி நட்டேன். தலைகீழாக வைத்தால் வேர் வராது என்று தெரிந்து அடிப்பக்கத்தில் பேனாவால் அம்புக்குறிகூடப் போட்டேன். ஐந்து துண்டு பிழைத்தது. வந்த குட்டிகள் ஒன்றிலும் மஞ்சள் கரை இல்லை, எல்லாம் வெறும் பச்சை. அந்த மஞ்சள் ஓரம் இலைத்துண்டு வழியாக இறங்காது. கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும். கரை வைத்த புடவையிலிருந்து வெட்டினால் ரவிக்கைத் துணிதான் கிடைக்கும் என்றார் அம்மா. உவமை சரியாகப் பொருந்தவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் பெரிய தொல்லை. இலைக்கும் தண்டுக்கும் நடுவில் பஞ்சு மாதிரி ஒளிந்திருக்கும். காது குடையும் பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பேன். வேப்பெண்ணெய் தெளித்தால் சாம்பல் பூச்சு போய் வெயிலில் இலை கருகுகிறது. இதன் பங்காளி ஒன்றுதான் நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியின் கதையை எழுதியது. கம்பெனி காலத்தில், சிவப்புச் சாயம் எடுக்கும் காக்கினீல் பூச்சியை வளர்க்கத் தனியாகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டிருந்தார்கள். 1795ல் பிரேசிலிலிருந்து வந்த பூச்சி வேறு வகை, சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தென்னிந்தியாவில் காடு காடாகத் தின்று தீர்த்தது. எஞ்சிய இன்னொரு வகைக் கள்ளி பெருகித் தொல்லையானபோது, 1926ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். பட்ஸும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வரும். ஒரு பால்கனி எம்மாத்திரம்?

போன மார்கழிக்கு வருகிறேன். மழை ஓய்ந்த ஒரு ராத்திரி, பால்கனிக்கு எதிரே இருந்த அந்தத் தெருவிளக்கு அணைந்தது. அப்படியே வாரக்கணக்கில் கிடந்தது. விடியற்காலை கேட் முன்னால் கோலம் போட அம்மா செல்ஃபோன் டார்ச்சோடு இறங்க வேண்டியிருந்தது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒருவர் புலம்பினார். கடைசியில் கீழ்வீட்டு அண்ணன் ஒரு மனு எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்க மேலே வந்தார். நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா பால்கனியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "தம்பி, திங்கக்கிழமை வாங்க, போட்டுக்கலாம்" என்றார்.

அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தக் குளிர்காலத்தில் பஞ்சாரம் கவிழ்க்கவே இல்லை. பெரிய தொட்டியில் நாலு நுனியிலும் கடுகு கடுகாக வந்திருந்தது.

"இன்னும் நாலு நாள் இருட்டா இருக்கட்டும். மொட்டு கெட்டிப்படணும்ல" என்றார்.